கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

மல்லேஸ்வரம் வீட்டைக் காலி செய்கையில் பழைய கோப்பிலிருந்து ஒரு வரைபடத் தாள் விழுந்தது. அதன் ஓரத்தில் ஒரு சொட்டு மெழுகு, மஞ்சளேறி, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் மெழுகுவர்த்தியிலிருந்து விழுந்ததுதான். அன்று உன்னை எப்படித் திட்டினேன்!

அப்போது இரண்டாயிரத்துச் சொச்சம். நீ எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகர். நான், உங்கள் நோயாளிகளின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, மாத்திரை அதை எவ்வளவு தடுக்கிறது என்று சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தவள். மாத்திரை வேலை செய்தால் கிருமியின் அளவைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்க வேண்டும். எல்லாருக்கும் இறங்கியது. ஒரு தையற்காரருக்கு மட்டும் பாதியில் நின்றுவிட்டது. கிருமி மருந்துக்கு மசியவில்லை என்றது என் கணக்கு. மருத்துவரும் மாத்திரையை நிறுத்த யோசித்தார். அதை விட்டால் அவருக்குத் தர உங்களிடம் வேறு மருந்து இல்லை.

நீ தாளைப் பார்த்துச் சிரித்தாய். "உன் கணக்குல எல்லாரும் மாத்திரைய ஒழுங்கா முழுங்கிடறாங்க, இல்ல? அவரக் கேட்டுட்டேன், வரச் சொன்னாரு. செருப்ப மாட்டுடி, போலாம்."

வியாழக்கிழமைதான் நீ வீடுகளுக்குப் போவாய். விவேக் நகர் கிறிஸ்தவக் கோயிலில் அன்று கூட்டம். மெழுகுவர்த்தியோடு நடக்கிற இரண்டு பெண்களை, யார் வீட்டுக்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

தையற்காரர் நம்மை உட்காரவைத்தார். பிறகு அடுப்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார். "அவளுக்கும் இருக்கு மேடம். யாருக்கும் சொல்லல. காலைல மாத்திரை எனக்கு, சாயந்தரம் மாத்திரை அவளுக்கு."

என் சமன்பாட்டில் ஓர் அட்டை மாத்திரைக்கு ஓர் உடம்புதான். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. நீ அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாய். "நாளைக்கே வாங்கக்கா. உங்களுக்குன்னு தனியா வாங்கித் தரேன். பேரு வெளிய போகாது."

திரும்பும்போது கோயிலில் மெழுகுவர்த்தியை ஏற்றி, என் கோப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இந்தத் தாளின்மேல் சொட்டவிட்டாய். சில மாதங்களில் அவர் கோடு இறங்கியது. பக்கத்திலேயே அவர் மனைவியின் கோடும்.

உன் அடக்கத்தன்று அந்த இருவரும் கூட்டத்தின் பின்னால் நின்றார்கள், ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு. நீ பழக்கியபடி, அவர்களைத் தெரியாதவள்போல நானும் நின்றேன். அழுகையை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

இன்றும் ஏதாவது ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே நிற்கத்தான் செய்கிறது. அதைப் பிழை என்று எழுதக் கை வருவதில்லை. நீ வாசலில் காத்திருக்கிற நினைப்பில், கால் செருப்பைத் தேடுகிறது.