திராட்சைப் பந்தலில் ஏர்கன்

செவ்வாய். காலையில் தூறல், பிறகு வெயில்.

இல்லை, யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் பிரித்தேன். அப்பாவின் பம்ப் ஏர்கன். எவ்வளவு பம்ப் அடித்தாலும் குண்டு பாதி வழியில் விழும். உள்ளே காற்றை அடைக்கும் ரப்பர் சீல் வெடித்துக் கிடந்தது. சின்னமனூர் போய் புது சீல், கிரீஸ், வாஷர். லீவரிலும் ஆட்டம், ஒவ்வொரு பம்புக்கும் தகரத்தை உருட்டுகிற சத்தம். வாஷர் போட்டு இறுக்கினேன்.

அம்மா: "எம்.ஏ. படிச்ச புள்ள பாக்குற வேலையாடி இது? பொண்ணு பாக்க வந்தாகன்னா என்னன்னு சொல்ல?"

"மெக்கானிக்னு சொல்லு."

மாலை. பெயிண்ட் டப்பாவில் சோதனை. குண்டு துளைத்துக்கொண்டு போனது. சத்தமில்லாத லீவர். ஆய்வேடு முடித்த நாளில்கூட இவ்வளவு சந்தோஷம் இல்லை.

புதன். மேகம்.

திராட்சை கறுத்துப் பழுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வெட்டு. அதுவரை மைனாக்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அப்பா பந்தலுக்குக் கீழே நின்று பம்ப் அடித்தார். ஒன்றுகூட எழும்பவில்லை. மறுபடி அடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏ ஆத்தா, சத்தத்த என்ன செஞ்ச?"

"ஆட்டத்த நிப்பாட்டிட்டேன்ப்பா."

"அந்தச் சத்தத்துக்குத்தானே பூராம் ஓடும். நான் எங்கன சுட்டேன்?"

உண்மை. வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பம்ப் அடிப்பார், பறவைகள் போய்விடும், காற்றை வெறுமனே விட்டுவிடுவார். கவனித்ததே இல்லை.

வியாழன். புழுக்கம்.

கை தட்டினோம். தட்டை அடித்தோம். மைனாக்கள் பக்கத்துத் தோட்டம் வரை போய்த் திரும்பி வந்தன. குலை குலையாகக் கொத்தல். கடைசியில் அப்பா குண்டு போட்டார். நேராகவே நீட்டினார், குண்டு எப்படியும் போய்ச் சேராது என்கிற பழைய நினைப்பில்.

மைனா விழுந்தது.

கையில் எடுத்துப் பார்த்தார். மஞ்சள் கால்கள். "இன்னும் சூடா இருக்கு."

அம்மா: "ஒண்ணு செத்தா மத்தது வராது. விடுங்க."

அப்பா ஏர்கனை என்னிடம் நீட்டினார். "நல்லாத்தான் செஞ்சிருக்க ஆத்தா."

பாராட்டா? தெரியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அது விழுந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது பாவம் அல்ல: குறி தப்பவில்லை. பாவம் பிறகுதான் வந்தது. வந்ததா, வரவழைத்தேனா? இதை யாரிடம் கேட்பது?

ஸ்பானர் எடுத்து லீவர் வாஷர்களைக் கழற்றினேன். சத்தம் திரும்பிவிட்டது. புது சீலைக் கழற்றவில்லை.