காலியாக விட்ட கட்டம்

அன்பு மகள் ரோவெனாவுக்கு, அப்பா ஆசியுடன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னால் சேதி சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், என் ஜெபம் அதுதான். வேலியோரச் சௌசௌ இந்த வருடம் காய்த்துத் தள்ளுகிறது, பக்கத்து வீட்டார் என்னைக் கூடையோடு கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள். முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்டு பார்ப்பதாக எழுதியிருந்தாயே, வேண்டாம், இடுப்பு போனால் எந்த ஊர் மருந்தும் திருப்பித் தராது.

உன் கடிதம் வந்ததிலிருந்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மே தினத்தில் நான் பேசிய காணொளியை வின்னிபெக்கில் உங்கள் சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டப் போவதாகவும், எங்கப்பா மாதிரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் மலை ஜனங்களுக்குப் பயமில்லன்னு சொல்லப் போறேன் என்றும் எழுதியிருந்தாய். காட்டாதே மகளே. அந்த மேடையில் நின்றபோது நான் என்ன செய்துவிட்டு வந்து நின்றேன் என்பது உனக்குத் தெரியாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பிறர் வாயால் நீ கேட்பதைவிட இது மேல்.

போன வருடம் எங்கள் பழங்குடி நல அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர் நாற்பது பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது வாசலில் ஒன்பது நாள் உட்கார்ந்தோம். அந்த ஒன்பது நாளும் லாமகன் ஊர்ப் பெண்கள் மலையிலிருந்து லாரி பிடித்து இறங்கி வந்து சோறும் வள்ளிக்கிழங்கும் போட்டார்கள். முன்னால் நின்றது உன் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா தொமிங்கா. வெண்கலத் தட்டை அடித்துக்கொண்டே, சர்க்கார்க்காரங்க பசியோட கோஷம் போட்டா யாருக்குய்யா கேக்கும், முதல்ல தின்னுங்க என்று அதட்டுவாள். கடைசியில் நாற்பது பேரையும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த நன்றிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊழியர் சங்கத்தார் எல்லோரும் லாமகனுக்குப் போய், உங்கள் ஆற்றில் அணை கட்ட விடமாட்டோம், உங்களோடு நிற்போம் என்று உறுதி சொன்னோம். எங்கள் வியாதி உனக்குத் தெரியுமே, வந்தவர் கையெழுத்துத் தாள் இல்லாவிட்டால் கூட்டம் நடந்ததாகவே எங்களுக்குத் தோன்றாது. சங்கத்தின் தாளை எடுக்க மறந்துவிட்டேன், பையில் இருந்தது அலுவலகத் தாள். தலைப்பில் அலுவலகப் பெயர், அதன் கீழே ‘கூட்டத்தின் பொருள்’ என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டு நீட்டினேன். எழுபத்து மூன்று பேர் போட்டார்கள், முதல் கையெழுத்து தொமிங்காவுடையது.

இதுவரை மறதி. இனிமேல் வருவதுதான் பாவம். பழங்குடி ஊரில் எது வந்தாலும் ஊராரைக் கூட்டிச் சம்மதம் கேட்க வேண்டும் என்பது சட்டம், லாமகன் அணைக்கான அந்தச் சம்மதக் கோப்பு எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. மார்ச் மாதம் தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ப்ளோரோ, லாமகன்ல கூடின தாள் உங்க கிட்ட இருக்காமே, குடுங்க, கோப்பு காலியா கிடக்கு என்றார். மேசையில் பன்னிரண்டு ஒப்பந்த ஊழியரை நிரந்தரமாக்கும் பட்டியல் அவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. எந்தக் கோப்பு என்று எனக்குத் தெரியும், எதற்கு என்றும் தெரியும். அந்தப் பன்னிரண்டு பேருக்காகத்தான் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். பட்டியலில் அன்றே கையெழுத்தானது. காலியான கட்டத்தில், அணைக்குச் சம்மதம் தெரிவித்த கூட்டம் என்று யாரோ எழுதினார்கள். அது தெரிந்தே நான் மே தின மேடை ஏறி ஒற்றுமை பேசினேன், கைதட்டல் வாங்கினேன்.

இப்போது மண் தோண்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பெண்கள் பாலத்தில் மூங்கில் கட்டி மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள், அணை கட்ட வந்தவர்கள் அந்தப் பெண்களின் கையெழுத்தையே அவர்களிடம் நீட்டிக் காட்டுகிறார்கள். போன சனிக்கிழமை போனேன். தடுப்பூசி போட வந்த மருத்துவச்சி, நம் சங்கத்துப் பெண்தான், பதிவேட்டில் தாய்மார் கையெழுத்துக் கேட்டிருக்கிறாள். பிள்ளைகளை நீட்டினார்களாம், பேனாவைத் தொடவில்லையாம். கையெழுத்து இல்லாமல் ஊசி போட விதியில் இடமில்லை. ஊசிப் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு எனக்கு எதிரே இறங்கி வந்தாள். தொமிங்கா என்னைப் பார்த்து, வாங்க தம்பி, இன்னைக்குத் தாள் எதுவும் கொண்டாரலையா என்று கேட்டாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். யாரோ அதிகாரி திருடிவிட்டான் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். நான்தான் கொடுத்தேன் என்றேன். சிரிப்பு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள், அழாதீங்க, அழுறதுக்கு எங்களுக்கே இங்க நேரமில்ல, இதையே கீழ போய் உங்க ஆபீசுல சொல்லுங்க, இங்க சொல்லி என்ன, நாங்களா அணை கட்டுறோம் என்றாள். அன்று ஒரு வாய்த் தண்ணீர் கூட எனக்கு யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கத் தலைவன் நெஸ்டோரிடம் சொன்னேன். அண்ணே, இப்ப வாயைத் தொறந்தீங்கன்னா பன்னெண்டு குடும்பத்து வயித்துல அடிப்பீங்க, உங்க வேலையும் போகும், ரெண்டு வருசம் பொறுத்து ரிட்டயர் ஆயிட்டுப் பேசுங்க என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு வருடத்தில் ஆறு இருக்காது. அந்தப் பன்னிரண்டு பேரும் தொமிங்காவின் சோற்றைத் தின்றவர்கள்தான். அவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். நான்கு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இரண்டு பேர் சாட்சிக்கு வருகிறோம் என்றார்கள், மற்றவர்கள் எழுந்து தங்கள் மேசைக்குப் போய்விட்டார்கள். லாமகன் பெண்கள் கொடுத்த புகாரின் மேல் செவ்வாய்க்கிழமை நடக்கும் விசாரணையில், தாளைக் கொடுத்தது நான்தான் என்று பிரமாணப் பத்திரம் கொடுக்கிறேன். அடுத்த வருடம் உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தேன், அதை நம்பியிருக்க வேண்டாம், பேரனிடம் பக்குவமாகச் சொல்.

காணொளிக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை உங்கள் கூட்டத்தில் படி. பெயரை மறைக்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. இரட்டை ஷிப்டு வேண்டாம் என்றதை மறக்காதே. அங்கே எந்தத் தாளை நீ பிறரிடம் நீட்டினாலும், அதில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

மேலே உள்ளது முழுவதையும் எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்து, என்னவென்று தெரிந்தே கையெழுத்திடும்,
உன் அப்பா
ப்ளோரோ பங்சோய்