வெள்ளிக்கிழமைப் பூனை

18 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். காலைப் பூசை முடிந்து வந்ததுமே வெயில் பிடித்துக்கொண்டது. எண்ணெய்ப்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்த அறிக்கையானாலும் சுருக்கத்தை முதலில் எழுதிவிடுவேன். நாட்குறிப்புக்கு யாராவது சுருக்கம் எழுதுவார்களா? மனைவி முரியல் பார்த்தால் சிரிப்பாள். இப்போதைக்குப் பார்க்கமாட்டாள், கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஈஸ்டர் வரை எழுதப்போவது:

1. மல்பெரி. வருடப் பிறப்புக்குக் கிளைகளை வெட்டிவிட்டதில் இப்போது கொம்பெல்லாம் காய். ஈஸ்டர் அன்று சிற்றாலயத்தில் நடக்கும் சந்தைக்கு ஜாம் போட்டுத் தருவதாக முரியல் வாக்குக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

2. முயல். பெயர் கேப்டன். பள்ளி விடுமுறைக்குப் பேரன் கொண்டுவந்தது. விடுமுறை முடிந்து பேரன் போனான், கேப்டன் போகவில்லை.

3. தவக்காலம். ஈஸ்டர் வரை வீட்டில் மீனும் கிடையாது, இறைச்சியும் கிடையாது.

4. மிஸ்ஸி. போன ஈஸ்டருக்குப் பிறகு தானாக வந்து சேர்ந்த பூனை. எங்களோடு இது அவளுக்கு முதல் தவக்காலம். மீன் இல்லாவிட்டால் போய்விடுவாளோ என்று முரியலுக்குக் கவலை. எனக்கு இல்லை. பூனை இடத்தோடு ஒட்டும், ஆளோடு ஒட்டாது. எங்கள் குசினி ஜன்னலைவிட்டு அவள் எங்கே போய்விடப் போகிறாள்? இதைச் சந்தேகமில்லாமல் எழுதுகிறேன். நான் சந்தேகமில்லாமல் எழுதுவது அபூர்வம்.

21 பிப்ரவரி, சனி

முதல் பறிப்பு. கறுத்த பழம் தொட்டாலே கையோடு வருகிறது. சிவந்தது கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. சிவந்ததும் கொஞ்சம் கலந்தால்தான் ஜாம் உறையும் என்று படித்திருக்கிறேன். ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் நான் ஏறுவதில்லை. மேலே இருப்பதெல்லாம் குருவிகளுக்கு என்று சொன்னேன்.

"தருமம் பண்றீங்களா, பயப்படுறீங்களா?" என்றாள் முரியல்.

கேப்டன் கீழே விழுந்ததைத் தின்று, மை குடித்த பள்ளிப் பையன் மாதிரி வாயெல்லாம் ஊதா.

மிஸ்ஸிக்குப் பூனை பிஸ்கட் வைத்தேன். மோந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போய்விட்டாள். எங்களுக்குத் தவக்காலம், எதிர்வீட்டில் ரமலான் நோன்பு. எங்கள் வரிசையில் இப்போது வயிறாரச் சாப்பிடுவது குருவிகள் மட்டும்தான்.

27 பிப்ரவரி, வெள்ளி

விநோதம். வாரம் முழுக்க மதியம் தூங்குவதற்கு மட்டும் வந்தாள். பிஸ்கட் வைத்தது வைத்தபடி. ஆனால் வயிறு உருண்டை. இன்று மட்டும் விடிந்ததிலிருந்து வீட்டிலேயே நின்று கத்தல். அந்தப் பழைய பிஸ்கட்டை மிச்சமில்லாமல் தின்றாள்.

ஏன் இன்று மட்டும்?

2 மார்ச், திங்கள்

முரியல் சொன்னாள்: "இது எங்கயோ ஊர் சுத்துது. குட்டி போட்டா யாருங்க பாக்குறது? போய் ஆப்பரேஷன் பண்ணிட்டு வாங்க."

கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளம் மலாய்ப் பெண். மிஸ்ஸியின் வயிற்று முடியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "பாக்சிக், மாமா, இதுக்கு ஆப்பரேஷன் எப்பவோ ஆயிடுச்சே. ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்று மலாயில் சொன்னார். கூடையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ திருட்டுப் பொருளோடு பிடிபட்டவன் மாதிரி வெளியே வந்தேன்.

அப்படியானால் யார் செய்தது? எங்களுக்கு முன்னால் அவளுக்கு யாரோ இருந்திருக்கிறார்கள். இல்லை... இன்னும் இருக்கிறார்களா?

5 மார்ச், வியாழன்

முதல் ஜாம். நூற்றைந்து பாகையில் இறக்க வேண்டும் என்பது என் கணக்கு. வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொண்ணூற்றெட்டுக்கு மேல் ஏறவே இல்லை. கிண்டு, கிண்டு என்றேன். கடைசியில்தான் பார்த்தேன், வெப்பமானியின் முனை பழக்கூழில் சரியாக முங்கவே இல்லை. ஆறியதும் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. முரியல் அதை ஆட்டிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. ரோட்ல குழி இருந்தா அடைக்கலாம்."

இனிமேல் அவள் முறைதானாம். ஐஸ் பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் சுருங்க வேண்டும். அறிவியல்படி இதுவும் சரிதான். அதைச் சொன்னேன். "சொல்லாட்டியும் சரிதான்" என்றாள்.

6 மார்ச், வெள்ளி

மறுபடியும் நாள் முழுக்க வீட்டில். மறுபடியும் கத்தல்.

7 மார்ச், சனி

காலையில் மிஸ்ஸி பின்வாசலால் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். கையில் குப்பைப் பை, யாராவது கேட்டால் காரணம் வேண்டுமே. பின்பக்கத்துச் சந்தின் வழியே போய், பின்வரிசையில் மூன்றாவது வீடு. லீலாவதி அம்மாவின் வீடு. கணவர் போனபின் தனியாக இருக்கிறார். பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம்.

கேட் திறந்தது. "துளசி! வாம்மா, இன்னிக்கு கெம்போங் மீனு."

அந்தத் துளசி வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் குப்பைத் தொட்டியின் பின்னால் நின்றேன். ஏன் ஒளிந்தேன்? தெரியவில்லை. கையில் இருந்த பையைப் போட மறந்து திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டின்போதுதான் பொறி தட்டியது. வெள்ளிக்கிழமை லீலாவதி அம்மா வீட்டில் சைவம்! அன்று மட்டும் அங்கே மீன் இல்லை, ஆகவே அன்று மட்டும் இங்கே பிஸ்கட். முரியலிடம் ஆதாரங்களோடு விளக்கினேன்.

"அப்போ வாரத்துல ஆறு நாளு அவங்க பூனை, ஒரு நாளு நம்ம பூனை" என்றாள். பிறகு, "மீன் திங்கிறதுக்குத் துளசின்னு பேரு! நாமதான் நல்ல பேரு வச்சோம்" என்றாள்.

10 மார்ச், செவ்வாய்

முரியல் பின்வேலி ஓரம் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது லீலாவதி அம்மா சந்தில் வந்திருக்கிறார். இவள் ஒரு கிண்ணம் பழம் கொடுத்திருக்கிறாள். பேச்சில் செய்தி வந்தது. ஹரிராயா பெருநாள் விடுமுறையில் மகள் மாதவி வந்து அம்மாவைத் தான் இருக்கும் புக்கிட் செந்தோசாவுக்கே கூட்டிப் போகிறாளாம். வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். "துளசியையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாராம்.

முரியல் பழக்கூடையைத் தரையில் வைத்த வைப்பில் கேப்டன் கூண்டின் மூலைக்கே ஓடிவிட்டது.

"போய்க் கேளுங்க. ஒரு வருஷமா நாமளும்தான் வளக்குறோம்."

"நீயே கேட்டிருக்கலாமே?"

"நான் பேசினா சண்டையாயிடும். உங்களுக்குத்தான் சண்டை போடவே வராதே. நீங்க போங்க."

பாராட்டா, ஏச்சா? இன்னும் யோசிக்கிறேன்.

பூனை இடத்தோடு ஒட்டும். கொண்டுபோனாலும் இருக்காது. ஆகவே கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இதை முரியலிடம் சொல்லவில்லை.

12 மார்ச், வியாழன்

இரண்டாம் ஜாம் நன்றாக வந்தது. ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு கேட்கப் போனேன். ஜாமைக் கொடுத்தேன். வந்தேன்.

14 மார்ச், சனி

போனேன். பாட்டில் காலியாகிவிட்டதா என்று கேட்டேன். "முந்தாநாள்தானே அண்ணே குடுத்தீங்க" என்றார். வந்தேன்.

16 மார்ச், திங்கள்

பேசிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வீட்டிலேயே மூன்று காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகள். மிஸ்ஸி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் லீலாவதி அம்மா சொன்னார்:

"ஃபிரான்சிஸ் அண்ணே, நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். நானும் உங்க வீட்டு கேட் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போயிருக்கேன் லா. எனக்கு வாய் வரல."

உட்கார்ந்தேன்.

"மதியம் உங்க வீட்லதான் தூங்கும்னு தெரியும். ஞாயித்துக்கிழமை நீங்க பூசைக்குக் கார் எடுத்தா நேரா இங்க வந்துடும். நீங்களும் வளத்த பிள்ளை. கேக்காம தூக்கிட்டுப் போனா நல்லா இருக்குமா? அங்க பொண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிட்டா வீட்ல நான் மட்டும்தான். புது எடம். இது இருந்தா ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருப்பேன். கூட்டிட்டுப் போவட்டா அண்ணே?"

மனப்பாடம் செய்த மூன்று காரணங்களும் போன இடம் தெரியவில்லை. "இடி இடித்தால் அலமாரிக்குக் கீழே போய்விடுவாள்" என்றேன். "இழுக்கக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் தானாக வருவாள்."

"அப்படியா? என் வீட்ல இருக்கும்போது இடியே வந்ததில்ல. என்னா பேசுவீங்க?"

"பேச்சு வராது. பேப்பர் வாசிப்பேன்."

அவர் சிரித்த சிரிப்பில் பூனை பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தது. பிறகு அவர் சொன்னார், விடியற்காலையில் அவர் மூக்கை மெல்லக் கடித்து எழுப்புமாம், குழாய்த் தண்ணீர் ஓடினால்தான் குடிக்குமாம், பல்லிக்குப் பயமாம். எனக்கு ஒன்றும் தெரியாது. மதியங்கள் என்னிடம் இருந்தன, காலைகள் அவரிடம். நான் விட்ட இடத்திலிருந்து அவர் சொல்ல, அவர் விட்ட இடத்திலிருந்து நான் சொல்ல, தேநீர் ஆறிப் போயிற்று.

கிளம்பும்போது, "கூட்டிப் போங்கம்மா" என்றேன்.

17 மார்ச், செவ்வாய்

நேற்றிரவே முரியலிடம் சொல்லிவிட்டேன். இன்று பழம் கழுவும்போது மல்பெரிகளிடம் சொன்னாள்: "கேக்கப் போனவரு குடுத்துட்டு வந்திருக்காரு!"

நான் செய்தது தாராளமா, கோழைத்தனமா? ஆய்வுக்கூடத்தில் இதற்கெல்லாம் ஒரு சோதனை இருந்திருக்கும். நிறம் மாறினால் இது, மாறாவிட்டால் அது என்று.

22 மார்ச், ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். முரியல் தானே போய், ஜாம் வடிகட்டும் பழைய துணியைக் கூடைக்குள் விரித்துக் கொடுத்தாள். மாதவி காரின் பின்கதவைத் திறந்தாள். மிஸ்ஸி கூடைக்குள் தானாக ஏறி உட்கார்ந்தாள். கத்தவில்லை. ஒரு கத்தலாவது கத்தியிருக்கலாம்.

"அண்ணி, ஜாம் தீர்ந்தா போன் பண்ணுவேன்" என்றார் லீலாவதி அம்மா. முரியல் மூக்கைச் சீந்தினாள். தூசியாம்.

25 மார்ச், புதன்

குசினி ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

26 மார்ச், வியாழன்

மரநாய் நுழைந்து வாழைப்பழச் சீப்பைக் கொண்டுபோய்விட்டது. முரியல் ஜன்னலைச் சாத்தினாள். அவள் போய்ப் படுத்ததும் பாதி திறந்தேன்.

29 மார்ச், குருத்து ஞாயிறு

முரியல் போன் போட்டாள். முதல் நாள் சாப்பிடவில்லையாம், கட்டிலுக்குக் கீழேயே கிடந்ததாம். அப்புறம் சரியாகிவிட்டதாம். இப்போது லீலாவதி அம்மா காலடியில்தான் படுக்கையாம். வாசல் பக்கமே போவதில்லையாம்.

"சந்தோசம்தானே?" என்றாள் என்னிடம்.

சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை இங்கே எழுதியாக வேண்டும். 'கூட்டிப் போங்கம்மா' என்றபோது, ஒரு வாரத்தில் அவளே நடந்து திரும்பி வந்துவிடுவாள் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் சொன்னேன். கொடுப்பது மாதிரிக் கொடுத்து, வைத்துக்கொள்ளலாம் என்று. அவளோ ஆளோடு போய், ஆளோடு இருந்துவிட்டாள். இந்த வீடு அவளுக்கு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் நானும்...

எழுதாமல் விடுகிறேன். மல்பெரி ஓய்ந்துவிட்டது. உச்சியில் கொஞ்சம் இருக்கிறது, குருவிகள் பாடு.

3 ஏப்ரல், பெரிய வெள்ளி

இன்று யாரும் கத்தவில்லை.

5 ஏப்ரல், ஈஸ்டர்

சந்தையில் ஜாம் எல்லாம் விற்றுப்போய்விட்டது. அந்தக் கல் ஜாமையும் கார்த்திகேசு என்ற இளைஞன், மிட்டாய் என்று நினைத்து வாங்கிப் போனான். நான் திருத்தவில்லை.

மதியம் முரியல் கெம்போங் மீன் பொரித்தாள். தவக்காலம் முடிந்த முதல் மீன். இருவரும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவள் நான்கு மீனை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள்.

"சாவிய எடுங்க."

புக்கிட் செந்தோசா! ஈஜோக் டவுனைத் தாண்டி நான் கார் ஓட்டி எத்தனையோ வருடமாகிறது. அந்த ரோட்டில் மண் லோரிகள் வருகிற வேகம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். "மெதுவா போங்க, பின்னால வர்றவன் ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும்" என்றாள். அடித்தார்கள், வழியெல்லாம். ஒரு லோரிக்காரன் கையையும் ஆட்டினான். முரியல் பதிலுக்கு ஆட்டினாள்.

லீலாவதி அம்மா கேட்டுக்கே ஓடிவந்தார். "அண்ணே! நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?" முரியலும் அவரும் மீன் டப்பாவோடு நேராகக் குசினிக்குப் போய்விட்டார்கள். கூடத்தில் நான் மட்டும். புது சோபா, புதுத் திரைச்சீலை, எதுவும் எனக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்து, வழக்கம்போல முணுமுணுத்து வாசித்தேன்.

சோபாவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். செருப்பில்லாத காலை மோந்தாள். நான் அசையவில்லை. அப்படியே என் பாதத்தின் மேல் படுத்தாள், முழுப் பாரத்தையும் போட்டு.

"துளசி! மிஸ்ஸி! மீனு!" என்று குசினியிலிருந்து இரண்டு குரலும் கூப்பிட்டன. காதை மட்டும் திருப்பினாள். எழுந்து போக அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினேன். இடம் புதிது, மீன் வேறு அறையில், என் கையில் ஒன்றும் இல்லை. சோதனை இதைவிடச் சுத்தமாக அமையாது. நான்காவது எண்ணில் நான் எழுதியது தவறு.