ஒரே வீட்டார்

கொலோன் அருகே, 7 ஜூன் 2020

ஆமாம் அப்பா, கேளிக்கைப் பூங்காவை மறுபடி திறந்துவிட்டார்கள். முகக்கவசம் போட்டுத்தான் நிற்கிறேன், பயப்படாதீர்கள். உங்கள் இருமல் குறைந்ததா?

என் வேலை எளிது. குட்டி ரயில் ஏறுமிடத்தில் நின்று, "ஒரே வீடா?" என்று கேட்கிறேன். ஒரே வீட்டார் மட்டுமே ஒரு பெட்டியில் உட்காரலாம். இது எங்கள் பூங்காவின் புது விதி.

நேற்று ஒருவர் ஐந்து வயது மகள் ஃப்ரீடாவோடு வந்தார். கேட்டேன்.

"ஒரே வீடுதாங்க."

"இல்லப்பா, நான் அம்மா வீடு. நீ வேற வீடு. மறந்துட்டியா?" என்றாள் ஃப்ரீடா, உரக்க.

வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார். "இந்தக் கவசத்தக் கழட்டினா எங்க மூக்கே சொல்லிடும், எம் பொண்ணுன்னு. மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தாங்க இவ அம்மா எங்கூட அனுப்பியிருக்காங்க."

மேலாளர் பக்கத்திலேயே நின்றார். "முடியாதுங்க," என்றேன்.

"அப்போ தனித்தனிப் பெட்டியில?"

"அவ உயரத்துக்குத் தனியா ஏத்தக் கூடாதுங்க."

"அப்பா, நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லடா கண்ணு. சரியாத்தான் சொன்ன." அவளைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வெளியே போனார்.

நம் ஊர் தோருன் இஞ்சி ரொட்டி ஒரு பொட்டலம் அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கிறது, ஆனாலும் அனுப்புங்கள். முகவரியை உங்கள் கையாலேயே எழுதுங்கள், அச்சிட்ட சீட்டு வேண்டாம். நம் நாட்டு எல்லை எப்போது திறக்கும் என்று அங்கே ஏதாவது சொல்கிறார்களா?

பேருந்து வருகிறது. அப்புறம் என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். அவர்களுக்காகத் துடைத்து வைத்திருந்த பெட்டியில் அடுத்து நின்ற குடும்பத்தை ஏற்றி, பாதுகாப்புக் கம்பியைப் பூட்டினேன்.

உங்கள் யாகோதா