ஏழாவது வாக்கு

மார்ச் 14

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு. ஒரு மணி நேரத்துக்கு மேல். காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. படகிலிருந்த எந்தப் பெண்ணும் குடித்திருக்கவில்லை. எங்கள் இறங்குதுறையில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இல்லை. ஆண்களுக்கும் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பூவரசு இருக்கிறது.

மெய்யியல் சிறப்புப் பட்டம். உடல், மனம் என்று நாலு வருடத் தத்துவம். இந்தக் கடலில் மனம் என்று ஒன்று இல்லை.

மார்ச் 16

மார்க்கண்டு பெரியப்பா வந்தார். அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன். நாற்பது மாடு, ஒரு உழவு இயந்திரம், ஒரு ஆசை: பிரதேச சபைத் தவிசாளர். சுயேச்சைக் குழு ஒன்று இறக்குகிறார்.

"பிள்ளை, பட்டியலுக்கு ஒரு பொம்பிளை குறையுது. பேர் மட்டும் தந்தாக் காணும்."

"எனக்கு அரசியல் தெரியாது, பெரியப்பா."

"அது பிரச்சினையில்லை. நீ வெல்ல மாட்டாய், பயப்பிடாதை."

இவ்வளவு நேர்மையான தேர்தல் வாக்குறுதியை நான் கேட்டதில்லை. கையெழுத்து வைத்தேன்.

மார்ச் 17

படித்துப் பார்த்தேன் (கையெழுத்து வைத்த பிறகுதான். குடும்ப வழக்கம்). சபைக்குப் பதின்மூன்று பேர். எட்டுப் பேர் வட்டாரத்துக்கு ஒருவராக நேரே வெல்வார்கள். ஐந்து பேர், குழுக்கள் எடுத்த மொத்த வாக்கைப் பார்த்துப் பட்டியலிலிருந்து வருவார்கள். பதின்மூன்று பேரும் கூடித் தங்களுக்குள் ஒருவரைத் தவிசாளராக்குவார்கள். வாக்குச்சீட்டில் ஆளின் பெயர் இருக்காது. சின்னம் மட்டும்.

ஆக நான் பெயர் மட்டும் கொடுத்திருக்கிறேன். பெயர் எங்கும் வராத ஒரு சீட்டுக்கு.

மார்ச் 20

நியமனப் பத்திரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சின்னமாகப் பெரியப்பா கேட்டது காளை. கிடைத்தது மேசை விசிறி.

ஏப்ரல் 9

பிரசாரம். நான் துண்டுப் பிரசுரம் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி. "விசிறி இப்பவே தருவியளோ, வெண்டாப்பிறகோ?" ஒரு அம்மா கரண்டுக்கான பிளக் எங்கே இருக்கிறதென்றுகூடக் காட்டினா.

மேற்கு வட்டாரத்துக்குப் பெரியப்பா போட்ட ஆள் சின்னக்குட்டி அண்ணை. கடற்றொழில். கூட்டத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. "அவன் தோக்கத்தான் நிக்கிறான். எட்டு வட்டாரத்துக்கும் ஆள் காட்டோணும், அதுக்காக." பெரியப்பா நிற்பது கிழக்கில். அங்கே தன் சொந்தபந்தமே முப்பத்தொரு வாக்கு என்று விரல் விட்டு எண்ணுகிறார். தினமும். அதே முப்பத்தொன்று.

மே 6

வாக்களித்தேன். கிழக்குக்கும் மேற்குக்கும் ஒரே பள்ளிக்கூடம், பக்கத்துப் பக்கத்து வகுப்பறை. பெரியப்பா குடும்பம் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து இறங்கியது. புதுச் சாரம், புதுச் சேலை. தேருக்குப் போவதுபோல.

மே 7

எழுதியே ஆக வேண்டும்.

கிழக்கு: பெரியப்பா பதினொரு வாக்கால் தோல்வி.
மேற்கு: சின்னக்குட்டி அண்ணை ஒன்பது வாக்கால் வெற்றி.

எப்படி? பெரியப்பா வளவின் நடுவே ஒரு கல்வேலி போகிறது. அவருடைய பூட்டன் அடுக்கினது. வட்டாரம் பிரித்தவர்கள் அந்தக் கல்வேலியையே எல்லையாக எடுத்திருக்கிறார்கள். வேலிக்குக் கிழக்கே மாட்டுப்பட்டி. மேற்கே வீடு. மாட்டுப்பட்டி இருக்கும் வட்டாரத்தில் பெரியப்பா போட்டியிட்டார். வீடு இருக்கும் வட்டாரத்தில் முப்பத்தொரு பேரும் வாக்களித்தார்கள். விசிறிக்குத்தான். பெரியப்பாவும் சேர்த்து.

எந்த மாடு யார் காணியில் வாய் வைத்தது என்று இருட்டிலும் சொல்லக்கூடிய மனிசன். வரைபடம் பார்க்கவில்லை.

சின்னக்குட்டி அண்ணை துறையில் வலையோடு இருந்தார். செய்தி சொன்னதும் எழும்பக்கூட இல்லை. "என்னைத் தோக்கிறதுக்கெண்டுதானே போட்டவர்? இப்ப நான் ஆருக்கு என்ன எண்டு பதில் சொல்லுறது?"

மே 9

விசிறிக்கு மொத்தம் மூன்று ஆசனம். மேற்கும் இன்னொரு வட்டாரமும், இரண்டும் ஆண்கள். மூன்றாவது பட்டியலிலிருந்து. பெரியப்பா தன் பெயரையே எழுதிக் கொண்டுபோனார். தேர்தல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "ஐயா, சட்டப்படி இது பெண் உறுப்பினருக்குரிய இடம்."

பட்டியலில் பெண்கள் இரண்டு பேர். மீனலோசனி பெரியம்மா. நான். அவசரத்தில் பெரியப்பா படித்த பிள்ளையென்று என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

நான் மக்கள் பிரதிநிதி. எந்த மக்கள்?

மே 15

அவசரம் தீர்ந்துவிட்டது. பெரியப்பா தட்டச்சு செய்த கடிதத்தோடு வந்தார். தனிப்பட்ட காரணங்களுக்காக விலகுகிறேனாம். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நீ விலகினால் இவ வருவா. இவ வந்தால் நான் வந்த மாதிரி. உனக்கும் கரைச்சல் இல்லைத்தானே?"

உண்மை. எனக்குக் கரைச்சல் வேண்டாம். பேனையை எடுத்தேன்.

பெரியம்மா அதுவரை எங்கள் குசினி வாசலில் நின்று அம்மாவோடு மீன் விலை கதைத்துக்கொண்டிருந்தா. திரும்பிப் பார்த்தா.

"இந்தாருங்கோ, என்னை ஆர் கேட்டது? நாப்பது வருசமா வீட்டில ஓம் ஓம் எண்டுறன். சபைக் கந்தோரிலயும் போய் இருந்து ஓம் எண்டு சொல்ல என்னால ஏலாது. உங்களுக்குக் கை தூக்க ஆள் வேணுமெண்டால் அந்த விசிறியைக் கொண்டுபோய் வையுங்கோ. அது எல்லாப் பக்கமும் தலையாட்டும்."

அம்மா சிரித்துவிட்டா. பெரியப்பா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். தேத்தண்ணீர் குடிக்கவில்லை. அது பெரிய விஷயம்.

மே 16

கடிதம் மேசையில். என்னுடைய தமிழைவிட நல்ல தமிழ்.

மே 18

படகில் கிறேசம்மா அக்கா பக்கத்தில். கருவாட்டுக் கூடையோடு கிழமைக்கு மூன்று முறை யாழ்ப்பாணம் போய்வருபவர்.

"பேப்பரில உம்மட பேர் கிடந்தது. மெம்பராம்."

"இன்னும் முடிவில்லை, அக்கா."

"அதுக்கென்ன முடிவு? இஞ்சை பாரும். எனக்குச் சலரோகம். ஒரு மணித்தியாலம் அடக்கேலாது. துறையில இறங்கி ஆர் வீட்டுப் படலையைத் தட்டுறது? தட்டித் தட்டி எல்லாருக்கும் என்னைத் தெரியும். நானும் நிண்டிருக்கலாம், எலெக்சனில."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு கக்கூஸ். ஏலுமோ ஏலாதோ? அதை மட்டும் சொல்லும்."

நாலு வருடப் படிப்பில் என்னிடம் யாரும் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. "பார்க்கிறன்" என்றேன். சொன்னதும் வெட்கமாக இருந்தது. பத்து நாளுக்குள் எனக்கு அந்த அரசியல்வாதிச் சொல் வந்துவிட்டதே.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளை. அதில் எழுதினேன்: துறை. பெண்களுக்கு இரண்டு. தண்ணீர்த் தொட்டி.

ஜூன் 2

சத்தியப்பிரமாணம். என் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. சின்னக்குட்டி அண்ணையுடையது தாண்டியது. கடலில் கத்திப் பழகிய குரல். யன்னலில் இருந்த காகம் பறந்துவிட்டது.

ஜூன் 11

கணக்கு இது. ஒரு பக்கம் ஐந்து, மறு பக்கம் ஐந்து, விசிறி மூன்று. சின்னக்குட்டி அண்ணை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், வட்டாரத்தில் வென்ற மற்ற விசிறிக்காரர் மறு பக்கம். ஆறுக்கு ஆறு. ஏழாவது நான்.

காலையிலிருந்து தொலைபேசி. வாழ்நாளில் இத்தனை பேர் என்னைச் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்டதில்லை.

தவிசாளர் பதவிக்கு நிற்பவர் இரண்டு பேர். இரண்டு பேரிடமும் ஒன்றையே கேட்டேன்: துறையில் கழிப்பறை.

இராசநாயகம் ஐயா, ஓய்வுபெற்ற அதிபர்: "தங்கச்சி, துறைமுகப் பிரதேசத்துக்கே ஒரு ஒருங்கிணைந்த அபிவிருத்தித் திட்டம் வைச்சிருக்கிறம். ஐந்தாண்டு. அதுக்குள்ள எல்லாம் அடங்கும்."

அடக்குவதுதான் பிரச்சினை என்று சொல்ல நினைத்தேன். 

சிவக்கொழுந்து ஐயா, பனங்கட்டிக் கடைக்காரர். பனங்கட்டி சுற்றும் தாளில் ஒரு சதுரம் கீறினார். பிறகு, "கதவு எந்தப் பக்கம் பாக்கோணும்?"

"என்ன?"

"படகால இறங்கிற ஆம்பிளையளுக்கு நேர கதவு இருந்தால் ஒரு பொம்பிளையும் போகாது. என்ர மகள் சொன்னவள்."

ஜூன் 12

தவிசாளர் தெரிவு. பகிரங்க வாக்கெடுப்பா, இரகசியமா என்று முதலில் ஒரு வாக்கெடுப்பு. அந்த வாக்கெடுப்பை எப்படி நடத்துவதென்று அரை மணி நேரம். தெரிவை நடத்த வந்த உதவி ஆணையாளர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பகிரங்கம்.

பெரியப்பா பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் கை தூக்குமுன் அவர் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? பழக்கம். அவர் இராசநாயகம் ஐயா பக்கம் கண்ணைக் காட்டினார்.

சிவக்கொழுந்து ஐயாவுக்குக் கை தூக்கினேன். ஏழு. ஆறு.

ஜூன் 13

பெரியப்பா கதைக்கவில்லை. பெரியம்மா ஒரு வாளிப் பால் அனுப்பியிருக்கிறா.

ஜூலை 17

என் முதல் பிரேரணை. சபையில் "மலசலகூடம்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். சின்னக்குட்டி அண்ணை வழிமொழிந்தார்: "கக்கூஸைப் பற்றிப் பிள்ளை சொன்னதை நானும் சொல்லுறன்." செயலாளர் குறிப்பில் திருத்தி எழுதினார்.

ஏகமனது. பிறகு பூவரசைத் தறிப்பதா என்று ஒரு மணி நேர விவாதம். ஆண்கள் எல்லோரும் மரத்தின் பக்கம்.

செப்ரெம்பர் 4

சீமெந்து படகில் வந்தது. இரண்டு பை நனைந்துவிட்டது. ஜூலைக்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். வாசிக்கவும் இல்லை.

நவம்பர் 21

திறப்பு. இரண்டு அறை, ஒரு தொட்டி, கதவு பனங்கூடல் பக்கம், துறைக்கு மறுபுறம். பெயர்க்கல் கதவைவிடப் பெரிது. எழுத்து வெட்டியவர் இடம் காணாமல் பன்னிரண்டு பெயரோடு நிறுத்திவிட்டார். விடுபட்டது என்னுடையது. பெரியப்பா வந்திருந்தார். கல்லை ஒவ்வொரு வரியாக வாசித்தார். "உன்ர பேரெங்கை?" என்று கோபப்பட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. கல்வெட்டுக்காரனைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது படகு வந்தது. கிறேசம்மா அக்கா கூடையை என் கையில் தந்துவிட்டு, தவிசாளரை விலக்கி, உள்ளே போனார். எல்லோரும் வெளியே நின்றோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வெளியே வந்தார். சேலைத் தலைப்பில் கை துடைத்தார்.

"கதவுக் கொண்டி இறுகிப்போய்க் கிடக்கு. கிழவியளுக்கு இழுக்கேலாது."

கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டேன்.