ஒன்பதாம் தேதிப் பக்கம்

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ, உன் மனைவி, பாப்பா, அப்பா எல்லோரும் சுகம்தானே? நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

கைபேசி செய்து பிழைக்கிற நாம் இரண்டு பேரும் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, பார். என் போனை எங்கள் கம்பெனி வக்கீல்கள் ஒரு பையில் போட்டு சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். உன்னுடையதும் போயிருக்கும். வழக்கு முடிகிற வரை உன்னோடு பேசக்கூடாது என்று வேறு உத்தரவு. கடிதம் என்று ஒன்று இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஈர விரலால் தொட்டாலும் திரை தடுமாறாத வித்தையை உங்கள் கம்பெனியிலிருந்து நான் திருடிக்கொண்டு இங்கே வந்தேன் என்று உங்கள் ஆட்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆதாரம், கண்டுபிடிப்பதை நீ தேதி போட்டு எழுதி வைக்கிற லேப் நோட்டு. மூன்று வருஷத்துக்கு முந்திய மார்ச் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் அந்த வித்தை படத்தோடு இருக்கிறது. அடியில் ‘படித்தேன், புரிந்துகொண்டேன்’ என்று அச்சடித்த வரி, அதன் கீழே என் கையெழுத்து. வக்கீல் அந்த நகலை என் முன்னால் வைத்தபோது, என் கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் அதைப் படிக்கவே இல்லை என்று உனக்குத் தெரியும். அந்த வருஷம் ஜூனில், உங்கள் கம்பெனியில் எனக்குக் கடைசி நாள். லிஃப்ட் வாசலில் நோட்டோடு ஓடி வந்தாய். “வாராவாரம் சாட்சிக் கையெழுத்து வாங்கணுமாம்க்கா, நான் வாங்கவே இல்ல. மேனேஜர் கத்துறார். சீக்கிரம் போட்டுடு.” பழைய தேதிகளாகப் போட்டுப் பதினொரு பக்கம் வைத்திருந்தாய். எனக்குத் தோளில் பை, இடுப்பில் ஒரு தொட்டிச் செடி. கண்ணை மூடிக்கொண்டு பதினொன்றிலும் போட்டேன். தம்பி கேட்டான், போட்டேன், அவ்வளவுதான்.

இங்கே வந்து ஆறு மாதம் கழித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த வித்தை தோன்றியது. உனக்கும் தோன்றியிருக்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு மண்டை, வேறென்ன சொல்ல. இதையெல்லாம் எங்கள் வக்கீலிடம் சொன்னேன். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொல்வார்கள் என்று சிரிக்கிறார். நீ சொன்னால்தான் நம்புவார்கள். சொல்வாயா?

உன் அக்கா

ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று படித்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கவலைப்பட ஆரம்பித்தால் நீ பட்டினி கிடப்பாய் என்று எனக்குத் தெரியாதா? பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அப்பா வழக்கம்போல் பேப்பரும் கையுமாக என்னோடு சண்டை போடுகிறார்.

இங்கே நிலைமை சரியில்லை, அக்கா. உங்கள் போன் வந்ததிலிருந்து எங்களுடையதைக் கடையில் ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. வழக்கில் தோற்றால் நாங்கள் வேலை பார்க்கிற மாடியையே மூடி எல்லோரையும் அனுப்பிவிடுவார்களாம். மூன்று வக்கீல்கள் என் நோட்டைக் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். ஒரு பக்கத்தில் ஓட்டை என்றால் நோட்டு முழுவதும் குப்பைதான் என்று தினமும் சொல்கிறார்கள்.

கொஞ்சம் பொறுத்துக்கொள். இது கம்பெனிச் சண்டை, நம் சண்டை இல்லை. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

உன் தம்பி

ஆகஸ்ட் 20

தம்பி,

நாலு தடவை படித்தேன். பாப்பாவின் பல் வரை எழுதியிருக்கிறாய், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. பூசி மெழுகுவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை.

இங்கே என் மேஜையைச் சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டார்கள். என்னோடு சாப்பிட உட்காரும் பெண்கள் இப்போது வேறு மேஜைக்குப் போகிறார்கள். எதிரில் வந்தால் சிரிக்கிறார்கள், நிற்பதில்லை. திருடி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பதிலாவது சொல்வேன்.

நேற்று அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் ஒன்பது. நன்றாக யோசித்துப் பார், அன்றைக்கு நாம் எங்கே இருந்தோம்? அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். காலை ஆறு மணியிலிருந்து நீயும் நானும் தியேட்டர் வாசலில் அந்த நீல நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஒப்புதல் படிவத்தில் நீதான் கையெழுத்துப் போட்டாய், தேதியோடு. ஃபைல் என் அலமாரியில் இருக்கிறது. இத்தனை நாளில் எந்த நாளில் கை வைத்திருக்கிறாய், பார்!

இதை எங்கள் வக்கீலிடம் கொடுத்தால் ஒரே நாளில் எனக்கு விடுதலை. கொடுக்கவில்லை. நான் சொன்னால் அதற்குப் பெயர் மோசடி, உன்னைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். நீயே போய்ச் சொன்னால் அது ஒரு சோம்பேறியின் தப்பு. செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி விசாரணை. அதற்குள் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்டா.

உன் அக்கா

ஆகஸ்ட் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நான் செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போதுதான் உறைக்கிறது. நீ இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? யோசித்து, செய்ய வேண்டியதைச் செய்கிறேன். ஆபரேஷன் விஷயத்தை வேறு யாரிடமாவது சொன்னாயா? உன் வீட்டுக்காரரிடம்?

இன்னொன்று. அப்பாவை டாக்டர் மறுபடியும் டெஸ்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பழைய ஃபைல் வேண்டுமாம். முழுவதையும் அனுப்பு, சீக்கிரம்.

உன் தம்பி

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

ஃபைல் இத்துடன் வருகிறது. அப்பா உடம்பு என்றால் அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது. என்ன டெஸ்ட், எப்போது என்று எழுது. மாத்திரைகளை வேளாவேளைக்குக் கொடு, அவராக எடுத்துக்கொள்ள மாட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும்தான். செய்ய வேண்டியதைச் செய்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டுகிறேன்.

அக்கா

அக்டோபர் 3

தம்பிக்கு,

பன்னிரண்டாம் தேதி எங்கள் வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் வக்கீல் எழுந்து, நோட்டில் ஒரு சின்னப் பிழை என்றார். மார்ச் ஒன்பது இல்லையாம், பத்தொன்பதாம். அவசரத்தில் ஓர் எண் விட்டுப்போயிற்றாம். அப்பாவை வீட்டுக்கு அனுப்பியது பதினேழு, நாம் வேலைக்குத் திரும்பியது பதினெட்டு. வீட்டுக்கு அனுப்பிய தேதி நான் அனுப்பிய ஃபைலில்தான் இருந்தது, அதைப் பார்த்துத்தான் பத்தொன்பதைப் பிடித்திருக்கிறாய். பிறகு உன்னைக் கேட்டார்கள். “அக்கா உக்காந்து முழுசா படிச்சாங்க. சந்தேகம்கூடக் கேட்டாங்க” என்றாய். என்ன சந்தேகம் கேட்டேன் என்றும் சொன்னாய். நன்றாகவே சொன்னாய்.

போன வாரம் இரண்டு கம்பெனியும் கைகுலுக்கிக்கொண்டன. உன்னுடையதை நான் பயன்படுத்துகிறேன், என்னுடையதை நீ பயன்படுத்து என்று முதலாளிகள் ராசியாகிவிட்டார்கள். ஈர விரல் வித்தை இனி இரண்டு போனிலும் இருக்கும். நாற்பது பக்க ஒப்பந்தத்தில் ஓர் ஆளின் பெயர்தான் வருகிறது, என் பெயர். ஐந்து வருஷம் நான் எந்தப் போன் கம்பெனியிலும் வேலை பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் மாடியை மூடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

முந்தாநாள் நீ வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து அப்பாவைப் பார்க்க வந்தேன். டெஸ்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். “என்ன டெஸ்ட்? என்னை யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போகலையேம்மா” என்றார்.

பேச்சை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். வழியனுப்பக் கீழே வந்தவர் திரும்பி மாடிப்படி ஏறும்போது மூன்று தடவை நின்றார். உதடு வெளுத்திருக்கிறது. அந்த டெஸ்ட் நிஜமாகவே வேண்டும், தள்ளிப்போடாதே, இந்த வாரமே கூட்டிப் போ. ஃபைலை மறக்காமல் எடுத்துக்கொள்.

எனக்கு இனி எழுதாதே.

அக்கா