போர்மேன் வீட்டு ஜம்ப் ஸ்டார்ட்டர்

ஏப். 7, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கார் கிளம்பவில்லை, பேட்டரி செத்துவிட்டது. எனக்கோ காலை டூட்டி, தீக்காய வார்டு. இவர் போன வாரம் வாங்கிய ஜம்ப் ஸ்டார்ட்டரை எடுத்து வந்தார். செத்த காரைக் கிளப்பும் குட்டி பேட்டரி, அரைச் செங்கல் அளவு, இரண்டு கவ்வி. கடைசியில் போட வேண்டிய பட்டனை முதலிலேயே போட்டாயிற்று. சிவப்புக் கவ்வி பேட்டரி பிளஸில், சரி. கறுப்பையும் அதே பேட்டரியில், முகத்தை அதன் மேலேயே வைத்துக்கொண்டு. டப்பென்று பொறி.

கூட வந்த தாளில் படமே போட்டிருக்கிறது. கறுப்பை பேட்டரியை விட்டுத் தள்ளி, எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரியில் வாயு வரும், பொறி பட்டால் வெடிக்கும். வாசித்துக் காட்டினேன்.

"நான் பாக்காத பொறியா புள்ள?"

சொல்வது யார், பட்டாசுக் கம்பெனி போர்மேன்.

ஏப். 8, செவ்வாய்

வாங்க: உளுந்து, மகள் ஜெனிக்கு நோட்டு அட்டை. என் செருப்பு தைக்க.

எம். புதுப்பட்டியில் இவர் கம்பெனி கேட்டுக்குள் போன் கூடாது, பேட்டரி கூடாது. வெடிமருந்து ரூமுக்குள் நுழையும் முன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, செம்புத் தகட்டைத் தொட வேண்டும். இன்று உரசினாலே பொறி வரும் நைலக்ஸ் சேலையில் வேலைக்கு வந்த மாரியம்மாளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம். சரிதான், அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜம்ப் ஸ்டார்ட்டர் எங்கே? கேட்டுக்கு வெளியே, காருக்குள், முன்கண்ணாடி ஓரம். பகல் முழுக்க வெயிலில்.

சாயங்காலம் பார்த்தால் அதன் வயிறு உப்பியிருக்கிறது.

"உப்பிருச்சுங்க. தூரப் போடுங்க."

"இது என்ன மருந்தா? வெறும் பேட்டரி. வேலை செய்யுதுல்ல."

இவருக்கு மருந்து வெடித்தால்தான் வெடி. மற்றதெல்லாம் பஞ்சு மிட்டாய்.

ஏப். 9, புதன்

வார்டில் இரண்டு டிரஸ்ஸிங். ஒரு பெண் கடைசி வரை கத்தவே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், ஜெனி விளையாடிக் களைத்து அப்படியே தூங்கிவிட்டாள். எட்டு வயசுப் பிள்ளை. அவள் தலையணை மேல், காதுக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடக்கிறது அந்த உப்பிய சனியன். தொட்டால் சுடுகிறது.

"பிளக்கு அங்கனதான இருக்கு," என்கிறார்.

பிளக்கைப் பிடுங்கினேன். இரும்புச் சட்டியில் வைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய் மணல் வாளியில் புதைத்தேன்.

"புத்தம் புதுச மண்ணுல போடுறியே."

ராத்திரி சாப்பாட்டில் அவருக்கு ரசம் நான் ஊற்றவில்லை.

ஏப். 10, வியாழன்

பல் தேய்க்கும்போது கொல்லையில் புஸ்ஸென்று சத்தம். மணலைக் கிளப்பிக்கொண்டு வெள்ளைப் புகை, பின்னாலேயே தீ. ஜெனியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அடங்கியபின் வாளியின் சிவப்புப் பெயின்ட் பாதி கறுத்திருந்தது. இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நல்ல வேளை, கார்ல இல்ல. காரே போயிருக்கும்."

கார். தலையணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தலையணையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஏப். 11, வெள்ளி

கம்பெனி மேனேஜர் வீட்டம்மா போன். "உங்க வீட்டுக்காரரு எம்புட்டு உசாரு சிஸ்டர். உப்புன பேட்டரிய அவுகளே மணல்ல பொதச்சாகளாம்ல. காலையில எல்லாரையும் நிக்க வச்சு அதத்தான் சொன்னாகளாம்."

"அப்படியா" என்று வைத்துவிட்டேன். மணல் இன்னும் என் நகக்கண்ணில்.

சாயங்காலம் இவர் கையில் புது அட்டைப்பெட்டி. இன்னொரு ஜம்ப் ஸ்டார்ட்டர். ஜெனி கட்டிலோரத்து பிளக்குக்கே போகப் பார்த்தார். வாசல்படியில் மறித்தேன்.

"நைலக்ஸ் சேலையோட வந்தா நீங்க உள்ள விடுவீகளா?"

"அது கம்பெனி புள்ள."

"இது எம்மக தூங்குற வீடு."

இன்னும் படியில்தான் நிற்கிறார், பெட்டியைப் பிடித்துக்கொண்டு. சோறு ஆறுகிறது. நிற்கட்டும்.